அக்காவுக்கு வைத்த இடம்

கொலோன் நகரத்தில் கார் வாங்குவது பெரிய காரியமில்லை. வாங்கிய காரை விடுவதற்கு ஓர் இடம் பிடிப்பதுதான் காரியம். இராசலிங்கத்திடம் கேட்டால் சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார். பிறந்தநாள் வீடு, செத்தவீடு என்று எங்கே போனாலும் மனிசனின் பேச்சு நாலு இடம் சுற்றிவிட்டுக் கடைசியில் தன் தெருவுக்குத்தான் வந்து நிற்கும்.

அவர் இருந்தது நிப்பெஸ் பகுதியில், ஒரு பழைய மாடிவீட்டின் மூன்றாம் தட்டில். வீட்டோடு கராஜ் கிடையாது. வதிவாளர்களுக்கான பார்க்கிங் வலயமோ எதிர்வரிசை வீடுகளோடு முடிந்துவிடுகிறது. எதிர்வீட்டுக்காரனுக்கு நகரசபை அட்டை கொடுக்கும், இவருக்குக் கொடுக்காது. இவர் பக்கத்தில் யாரும் விடலாம், எவ்வளவு காலமும் விடலாம். சும்மா கிடைப்பதை யார்தான் வேண்டாமென்பார்கள்? வேலைக்கு வருகிறவர்கள், விமானமேறி விடுமுறைக்குப் போகிறவர்கள், கோடையில் ஒருதரம் மட்டும் அசைகிற பெரிய பெரிய கம்பிங் வான்காரர்கள் எல்லாரும் அங்கேதான் கொண்டுவந்து தள்ளினார்கள்.

அந்தத் தெருவிலேயே நல்ல இடம் வீட்டுக்கு நேர்கீழே இருந்தது. ஒரு பக்கம் மரம், மறுபக்கம் முற்றத்துக்குப் போகும் வாசல். நடுவில் ஒரே ஒரு கார் நிற்கும். முன்னால் பின்னால் யாரும் இடிக்க முடியாது, குசினி ஜன்னலில் நின்றே பார்த்துக்கொள்ளலாம். அந்த மரத்தடி எப்போதாவது வாய்த்துவிட்டால் இராசலிங்கம் கிழமைக்கணக்கில் காரை அசைக்கமாட்டார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவருக்கு வேலை, ட்ராமில் போய்வருவார். சனி ஞாயிறு எங்காவது போகலாம் என்றால், எடுத்த இடம் திரும்பி வரும்போது இருக்காதே! ஊர் சுற்றவென்று வாங்கிய காருக்காக மனிசன் ஊர் சுற்றுவதையே விட்டுவிட்டார். ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குக்கூட மற்றவர்களின் காரில் தொற்றிக்கொண்டு போனார்.

"இஞ்சாருங்கோ, உந்தக் கார் இனி வேர் விட்டிடும்" என்பார் மனைவி சாந்தா.

"விடட்டும். இடம் இருக்குதெல்லே" என்பார் இவர்.

இதெல்லாம் சிரிக்கிற கதைதான். சிரிக்க முடியாத பகுதி டோர்ட்மண்டில் இருந்தது.

டோர்ட்மண்டில் அவருடைய அக்கா சுந்தரேஸ்வரி இருந்தார். கூடப்பிறந்தது அவர் ஒருவர்தான். இராசலிங்கம் இருபது வயதில் ஜெர்மனிக்கு வந்து இறங்கியபோது அக்காவும் அத்தான் சிறீதரனும் ஒரே ஓர் அறையில் குடியிருந்தார்கள். அக்கா அந்த அறைக்குக் குறுக்கே ஒரு சீலையைக் கட்டி, இந்தப் பக்கம் தம்பிக்கு என்று சொல்லிவிட்டார். புதுசாகக் கலியாணம் முடித்த பெண், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. சாந்தாவைப் பேசிக் கட்டிவைத்ததும் அக்காதான். மகள் நிருஷா பிறந்தபோது வந்து நின்று பத்தியச் சாப்பாடு சமைத்துப் போட்டதும் அக்காதான். தனக்கு ஒரேயொரு ஆண்பிள்ளை, அவனும் லண்டனில். ஆகையால் பெண்பிள்ளை என்று அக்கா ஆசை தீர்த்ததெல்லாம் நிருஷாவில்தான். அவள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் மாமி முறைக்கு முன்னுக்கு நின்று தண்ணீர் வார்த்தபோது, அக்காவின் முகத்தைப் பார்த்தவர்கள் அவரைத்தான் தாய் என்று நினைத்தார்கள்.

அந்த அக்கா முன்பெல்லாம் நினைத்த நேரம் கொலோனுக்கு வருவார். ஒருநாள் புட்டும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு வந்தார்கள். அத்தான் அந்தத் தெருவைச் சுற்றினார், அடுத்த தெருவைச் சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் நடுத்தெருவில் காரை நிறுத்தி, பின்னால் வந்தவன் ஹோர்ன் அடிக்க அடிக்க, அக்கா கண்ணாடியை இறக்கிச் சட்டியைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். இராசலிங்கம் அதைப் பகிடியாக எல்லாருக்கும் சொல்லித் திரிந்தார். அதற்குப் பிறகு யார் வரக் கேட்டாலும், "இஞ்ச வராதேங்கோ, கார் விட ஏலாது. நாங்கள் அங்க வாறம்" என்று சொல்லிவிடுவார். அக்காவுக்கும் அதைத்தான் சொன்னார். ஆனால் அங்கே போனாரா என்றால், இல்லை. போனால் இடம் போய்விடும்.

இப்படி இருக்கையில்தான் நிருஷாவுக்குக் கலியாணம் ஒப்பேறியது. மாப்பிள்ளை மிதுஷன் எசன் நகரத்துப் பொடியன், நல்ல பிள்ளை. ஆவணியில் நாள் வைத்தாயிற்று, அழைப்பிதழும் அச்சடித்து வந்துவிட்டது.

எங்கள் சனத்தில் கலியாணம் சொல்வதற்கென்று ஒரு முறை இருக்கிறது. புருஷனும் பெண்சாதியும் நல்ல உடுப்பு உடுத்து, வீட்டுக்கு வீடு போய், குங்குமச் சிமிழை நீட்டி, கார்டைக் கையில் கொடுத்து, வாயால் சொல்லவேண்டும். முதல் கார்ட் அம்மனுக்கு. அடுத்தது குடும்பத்தில் மூத்தவர்களுக்கு. போனில் சொன்ன கலியாணம் சொல்லாத கலியாணம். அதற்கு வராமல் விட்டால் வராதவரில் குற்றமில்லை. ஜெர்மனிக்கு வந்து சனம் எத்தனையோ பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டது, ஆனால் இதில் மட்டும் ஒருவரும் விட்டுக்கொடுப்பதில்லை.

தாய் தகப்பன் போய்விட்டபடியால் இராசலிங்கத்துக்கு மூத்தவர் அக்காதான். ஞாயிற்றுக்கிழமை காரில் ஊன்ட்றொப் போய் அம்மனின் காலடியில் முதல் கார்டை வைத்துவிட்டு, அப்படியே டோர்ட்மண்டில் இறங்கி அக்காவுக்குச் சொல்லுவது என்று பேசிவைத்தார்கள். கோயிலிலிருந்து அக்கா வீடு எட்டிப் பிடிக்கிற தூரம். சாந்தா பட்டுச்சீலையை எடுத்து மடிப்புக் கலையாமல் கட்டிலில் விரித்தும் விட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் இராசலிங்கத்துக்கு மரத்தடி கிடைத்தது. அவ்வளவுதான், மனிசன் மாறிவிட்டார்.

"சாந்தா, ஞாயிற்றுக்கிழமை இளங்கீரன் கோயிலுக்குப் போறானாம். வானில இடம் இருக்குதாம். அவனோட போவம்."

இளங்கீரன் கொலோனில் சாப்பாட்டு ஓடர் எடுத்துச் செய்கிறவர், இராசலிங்கத்தின் பழைய கூட்டாளி. அவருக்கு அன்றைக்கு மத்தியானம் ஒரு பிறந்தநாள் ஓடர். போன கையோடு திரும்பியாக வேண்டும்.

"அப்ப டோர்ட்மண்ட் மச்சாளுக்கு?" என்று கேட்டார் சாந்தா.

"அடுத்த கிழமை அவவுக்கெண்டே தனியப் போவம். ஆறுதலா இருந்து கதைச்சிட்டு வரலாம்."

கேட்பதற்கு நல்லாகத்தான் இருந்தது. வான் ஓட்டோபான் பெருந்தெருவில் போகும்போது டோர்ட்மண்டுக்குத் திரும்பும் வழிகாட்டிப் பலகை வந்தது, போனது. திரும்பி வரும்போதும் வந்தது, போனது. சாந்தா அக்காவின் பெயர் எழுதிய கார்டை மடியில் வைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில் அம்மனுக்குக் கார்ட் வைத்ததை டோர்ட்மண்ட் ஆட்கள் பத்துப் பேராவது கண்டிருப்பார்கள். "அக்கா வீட்டயும் போறியளோ?" என்று ஒரு மனுசி கேட்டும் விட்டாள். இராசலிங்கம் "ஓம் ஓம்" என்று தலையாட்டினார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்கிற எண்ணம்.

அடுத்த கிழமை கொலோனில் பெரிய கால்பந்து ஆட்டம். எடுத்தால் ஒரு தெருவிலும் இடம் கிடைக்காது என்றார். அதற்கடுத்த கிழமை பக்கத்துத் தெருவை மறித்துக் கொண்டாட்டம் வைத்தார்கள். அங்கே நின்ற கார்களெல்லாம் இந்தத் தெருவில் வந்து நிறைந்தன.

"ட்ரெயினில போவமே" என்றார் சாந்தா. "ஏறினா இறங்கிறதுதானே."

"கார் வைச்சுக்கொண்டு ட்ரெயினிலயோ? நீர் பட்டுச்சீலையோட, நான் வேட்டியோட, கையில குங்குமச் சிமிழ். சனம் என்ன சொல்லும்?"

சனம் ஒன்றும் சொல்லியிராது. ஆனால் அதற்கிடையில் அழைப்பிதழ் தானாகவே புறப்பட்டுவிட்டது. நிருஷா தன் சிநேகிதிகளுக்கு அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அவர்களில் ஒருத்தி தாய்க்கு அனுப்ப, தாய் டோர்ட்மண்ட் பெண்களின் குழுவில் போட்டுவிட்டாள். இப்படியாக, தம்பி மகளின் கலியாணக் கார்டை அக்கா போனில் பார்த்தார். அதற்கு முதலே, தம்பி ஊன்ட்றொப்புக்கு வந்து போன சங்கதியும் அவர் காதுக்குப் போயிருந்தது.

அப்படிப் பார்த்தும் அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இராசலிங்கம் பயந்து டோர்ட்மண்டுக்கு ஓடியிருப்பார். அக்கா கேட்காததால் கோபமில்லை என்று இவர் முடிவுகட்டிக்கொண்டார்.

கடைசியில் காரை எடுக்க வைத்தது வேறு ஆள். ஒருநாள் வேலையால் வந்தபோது மரத்தடியில், காருக்கு முன்னால், காலில் நிற்கும் தகரப் பலகை ஒன்று இருந்தது. யாரோ வீடு மாறுகிறார்கள், சாமான் வண்டி நிற்கவேண்டும். சனிக்கிழமை காலையிலிருந்து அங்கே வேறு வாகனம் நிற்கக்கூடாது, நின்றால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இராசலிங்கம் அந்தப் பலகையை முன்னாலும் பின்னாலும் போய்ப் பார்த்தார். சட்டப்படிதான் வைத்திருந்தார்கள். ஒன்றும் செய்ய ஏலாது.

"அப்ப சனிக்கிழமை அக்கா வீட்டை போவம்" என்றார்.

அக்கா வாசலிலேயே நின்றார். வீட்டில் எப்போதும் சோட்டிக் கவுனோடு திரிகிறவர், அன்றைக்குச் சீலை கட்டியிருந்தார். சாந்தா குங்குமத்தை நீட்ட, தொட்டு வைத்துக்கொண்டு, கார்டை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"போனில பாத்தனான். மனம் கொஞ்சம் நொந்ததுதான், பொய் சொல்லக்கூடாது" என்றார். "சரி, நேரில வந்து சொல்லியாச்சு. முடிஞ்சுது. வாங்கோ, வந்து சாப்பிடுங்கோ."

குசினி மேசையில்தான் இலை போட்டது மாதிரி எல்லாம் இருந்தது. இடியப்பம், சொதி, சம்பல், இராசலிங்கத்துக்குப் பிடித்த கணவாய்க்கறி. அக்கா பரிமாறிக்கொண்டே கலியாணத்துக்குள் இறங்கிவிட்டார். கலியாணத்தன்று விடியக்காலமை பெண்வீட்டுக்கு வந்துவிடுவாராம். தோய வார்க்க முன்னம் பிள்ளையின் தலையில் வைக்கிற பால் அறுகு தான்தான் முதல் வைப்பாராம், பிறகுதான் மற்றவர்களாம். தோய வார்த்து முடிந்ததும் நிருஷா உடுக்கவென்று ஒரு சீலை எடுத்து வைத்திருக்கிறாராம், அதைத் தன் கையாலேயே கொடுக்கவேண்டுமாம். உள்ளே போய் அந்தச் சீலையைக் கொண்டுவந்தும் காட்டினார். தாமரைப்பூ நிறம். சாந்தாவின் முகத்தில் ஒரு மாதத்துப் பாரம் இறங்கியது தெரிந்தது.

இந்த இடத்தில் இராசலிங்கம் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம். தவளையும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அத்தான்தான் பகிடியாகக் கேட்டார். "என்ன தம்பி, காரை எடுத்துக்கொண்டு வந்திட்டாய். இடம் போகாதோ?"

"அதையேன் கேக்கிறியள் அத்தான்! போர்ட் கொண்டுவந்து வைச்சிட்டாங்கள். எப்பிடியும் இண்டைக்குக் காரை எடுக்கத்தான் வேணும். சும்மா எங்கயும் சுத்திறதுக்கு அக்கா வீட்டையாவது போவம் எண்டு வெளிக்கிட்டு வந்திட்டம்."

சொதிக் கரண்டியோடு வந்த அக்கா அப்படியே நின்றார்.

"அப்ப போர்ட் வைச்ச ஆளுக்குத்தான் நான் நன்றி சொல்ல வேணும்" என்றார்.

இராசலிங்கம் சிரித்தார். அக்கா பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தார். சாந்தா மேசைக்குக் கீழே அவரின் காலை மிதித்தார், அதுவும் அவருக்கு விளங்கவில்லை.

"ஊன்ட்றொப்புக்கு வந்த அண்டைக்குப் போர்ட் இல்லைப்போல" என்றார் அக்கா.

"அண்டைக்கு நான் காரே எடுக்கேல்லை அக்கா. வெள்ளிக்கிழமைதான் மரத்தடி கிடைச்சது. இளங்கீரன்ர வானில வந்தனாங்கள். அவனுக்கு மத்தியானம் ஓடர், அதுதான் இறங்க ஏலாமல் போச்சு." குற்றத்தை மறுத்துவிட்ட நிம்மதியில் மனிசன் இன்னொரு இடியப்பத்தைப் போட்டுக்கொண்டார்.

"ட்ரெயின் ஓடேல்லையோ தம்பி?"

அக்கா அவ்வளவுதான் கேட்டார். குரல் உயரவில்லை. இராசலிங்கத்துக்கு அப்போதுதான் கையிலிருந்த இடியப்பம் கையிலேயே நின்றது. வேட்டியோடு ட்ரெயினில் நிற்பதா என்ற கதையை அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. அத்தான் தண்ணீர்ப் போத்தலை எடுத்து ஒருவரும் கேட்காமல் எல்லாருக்கும் ஊற்றினார்.

அதற்குப் பிறகு தேத்தண்ணீர் முன்னறையில் வந்தது, விருந்தாளிகளுக்கு வைக்கும் கோப்பையில். மாப்பிள்ளையின் வேலை, மண்டபத்தின் பெயர் என்று அக்கா ஊரார் கேட்கிற கேள்விகளைக் கேட்டார். விடியக்காலமை வருகிற கதை பிறகு வரவேயில்லை. வெளிக்கிடும்போது அந்தத் தாமரைநிறச் சீலையை ஒரு பையில் போட்டுச் சாந்தாவிடம் கொடுத்தார்.

"இதை நிருஷாவிட்டைக் குடுத்துவிடும்" என்றார்.

காரில் ஏறியதும் சாந்தா அழத் தொடங்கினார். "தன்ர கையால குடுக்க எண்டு வைச்சிருந்த சீலை. அதை என்னட்டைத் தந்து விட்டிட்டா. விளங்குதோ உங்களுக்கு?"

விளங்கியது. ஓட்டோபான் முழுவதும் விளங்கிக்கொண்டே வந்தது. அறைக்குக் குறுக்கே கட்டிய அந்தச் சீலை, அதற்கு அப்பால் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தட்டுமுட்டுச் சாமான் தேடும் அக்கா, எல்லாம் நினைவுக்கு வந்தது. தம்பி நித்திரையால் எழும்பிவிடுவான் என்று அக்கா அப்படித்தான் செய்வார். தான் எவ்வளவு பெரிய மடையன் என்று இராசலிங்கம் வாய்விட்டே சொன்னார். சாந்தா இல்லை என்று சொல்லவில்லை. நிப்பெஸ் வந்து சேர்ந்து, இடம் தேடிச் சுற்றிச் சுற்றி, எங்கேயோ கண்காணாத தெருவில் காரை விட்டுவிட்டு இரண்டு பேரும் நடந்து வந்தார்கள்.

அடுத்த நாளே திரும்பிப் போய் அக்காவின் முன்னால் நின்றிருக்க வேண்டும். சாந்தா அதைத்தான் சொன்னார். இராசலிங்கத்துக்குக் கால் எழவில்லை. முதலில் வெட்கம், பிறகு கலியாண வேலை. மண்டபம், மேளம், ஐயர், சாப்பாடு என்று ஒவ்வொரு வேலையும் ஒரு சாட்டு. போன் எடுத்தால் அக்கா நல்லாகத்தான் பேசினார். "கட்டாயம் வருவம்" என்றார். எல்லாருக்கும் சொல்வது போலச் சொன்னார்.

கலியாணத்துக்கு முந்தின கிழமை அவர் துணிந்து கேட்டுவிட்டார்.

"அக்கா, காலமை வீட்டை வாங்கோ. நீங்கள் வைக்காமல் பிள்ளைக்குப் பால் அறுகு வைக்க மாட்டம்."

அக்கா சொன்னார்: "அத்தானுக்கு முழங்கால் ஏலாது தம்பி. உங்கட பக்கம் கார் விட இடமில்லையெண்டு நீதானே சொல்லுறனி. தூர விட்டிட்டு அவரால நடக்க ஏலாது."

"இடம் நான் பிடிச்சு வைக்கிறன் அக்கா. வாசலிலயே விடலாம். நீங்கள் வந்தாக் காணும்."

"பாப்பம்" என்றார் அக்கா.

எங்கள் ஆட்களின் 'பாப்பம்' எந்தப் பக்கமும் திரும்பும். இராசலிங்கம் அதைத் தனக்கு வேண்டிய பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று தொடங்கி ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து தெருவைச் சுற்றினார். கடைசியில் ஒரு பின்னேரம் மரத்தடியில் நின்றவன் வெளிக்கிட, இவர் அந்த இடத்தில் காரைக் கொண்டுபோய்ச் செருகினார். கலியாணம் வரைக்கும் அதை எடுக்கவில்லை. தேங்காய்ப் பெட்டியையும் வாழைக்குலையையும் ட்ராமில் தூக்கிக்கொண்டு வந்தார். இந்தக் கோலத்தில் ட்ராமில் போனால் சனம் என்ன சொல்லும் என்ற யோசனையும் இப்போது அவருக்கு இல்லை.

கலியாணத்தன்று காலையில் இளங்கீரன் அவரின் காரை எடுத்துக்கொண்டு போய்த் தூரத்தில் விட, வெறுமையான அந்த இடத்துக்குள் பெண்ணின் தகப்பன் இறங்கி நின்றார். பட்டுவேட்டி, சால்வை, நெற்றியில் சந்தனம், கையில் போன். இப்படி ஆள் நின்று இடம் பிடிப்பது இந்த நாட்டில் செல்லாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்கள் செய்தால் சண்டைக்குப் போகிறவரே அவர்தான்.

முதலில் ஒரு பெண் வந்து விளக்கைப் போட்டுக் காட்டினாள். இவர் இரண்டு கையையும் கூப்பினார். என் அக்கா வருகிறார், மகளுக்குக் கலியாணம் என்று ஜெர்மனில் சொன்னார். அவள் வேட்டியையும் சந்தனத்தையும் பார்த்துவிட்டு வாழ்த்துச் சொல்லிக்கொண்டு போய்விட்டாள். அடுத்து வந்தவன் ஏசினான். அதையும் வாங்கிக்கொண்டார். ஆனால் அசையவில்லை.

மேலே ஜன்னலைத் திறந்து சாந்தா கூப்பிட்டார். "நேரம் போகுது. ஐயர் மண்டபத்துக்கு வந்திட்டாராம். ஆக்களெல்லாம் பாலோட காத்துக்கொண்டு நிக்கினம்."

"கொஞ்சம் பொறும். இப்ப வந்திடுவா."

"போன் எடுத்துக் கேளுங்கோவன்."

கேட்கத்தான் பயமாக இருந்தது. கேட்காதவரை வந்துகொண்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம். மீண்டும் ஜன்னல் திறந்தது. இந்த முறை நிருஷா. தலைமயிரை அவிழ்த்துவிட்டு, பழைய சீலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு, கலியாணப் பெண் என்றே தெரியாமல் நின்றாள்.

"மாமி வந்திட்டாவோ அப்பா?"

"வாறா பிள்ளை."

போன் அடித்தது. அத்தான்.

"தம்பி, நாங்கள் ஓட்டோபானில நிக்கிறம். நேரே மண்டபத்துக்கு வாறம். அங்க கார் விட நல்ல வசதியாம்."

"அத்தான், இஞ்ச இடம் இருக்குது. நான் இடத்திலதான் நிக்கிறன். அக்காவிட்டைக் குடுங்கோ."

அக்கா போனை வாங்கினார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"பிள்ளையை நேரத்துக்குத் தோய வாருங்கோ தம்பி. எனக்காகப் பிந்தாதேங்கோ. ஈரத்தலையோட அவசரப்பட்டால் தடிமன் வந்திடும்."

"அக்கா, நான் அண்டைக்குச் சொன்னது..."

"அதெல்லாம் இப்ப என்னத்துக்கு? நல்ல நாள். போய் அலுவலைப் பார்."

இராசலிங்கம் போனை மடியில் செருகினார். சிவப்புக் கார் ஒன்று பக்கத்தில் வந்து, விளக்கைச் சிமிட்டிக்கொண்டு பொறுமையாக நின்றது. அவர் நடைபாதையில் ஏறிக்கொண்டார். அந்த மனிசன் ஒரே திருப்பில் காரை உள்ளே விட்டு, இறங்கி, தனக்குக் கிடைத்ததை நம்பமுடியாமல் இடத்தைப் பார்த்துச் சிரித்தான், இவருக்கும் நன்றி சொன்னான். மேலே போனபோது முதல் பால் அறுகை இளங்கீரனின் மனைவி மகாதேவி வைத்தார். நல்ல மனுசி, மூன்று தரமும் கவனமாகத்தான் வைத்தார். நிருஷா தலையைக் குனிந்து கொடுத்தாள்.

மண்டபத்தில் அக்காவும் அத்தானும் தாலி கட்டுகிற நேரத்துக்குச் சரியாக வந்து, நடுவரிசையில் டோர்ட்மண்ட் ஆட்களோடு இருந்தார்கள். முன்வரிசையில் அவர்களுக்கென்று வைத்த கதிரைகளைச் சாந்தா போய்க் காட்டியும் "இஞ்ச வடிவாத் தெரியுது" என்று சொல்லிவிட்டார் அக்கா. கெட்டிமேளம் கேட்டதும் அட்சதையை இருந்த இடத்திலிருந்தே எறிந்தார். அழுதார். யாருடைய கலியாணத்திலும் பெண்கள் அந்த நேரம் அழத்தான் செய்வார்கள்.

பிறகு வாழ்த்துச் சொல்ல வரிசை நின்றது. இராசலிங்கமும் சாந்தாவும் மேடைக்குக் கீழே நின்று ஒவ்வொருவராகக் கைபிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கான சனம். முகம் பார்க்க நேரமில்லை, கைதான் தெரிந்தது, வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. அக்கா நிருஷாவைக் கட்டிக் கொஞ்சிவிட்டு, எல்லாரையும் போல வரிசையில் இறங்கி வந்து தம்பியின் கையைப் பிடித்தார்.

"வந்தது சந்தோசம்" என்றார் இராசலிங்கம். "கட்டாயம் சாப்பிட்டிட்டுப் போங்கோ."

சொன்ன பிறகுதான் யாருடைய கை என்று தெரிந்தது.

"ஓம் தம்பி, சாப்பிட்டிட்டுத்தான் போவம்" என்றார் அக்கா. "எல்லாம் வடிவாச் செய்திருக்கிறியள். ஒரு குறையும் இல்லை."

அவர் கையை விட்டுவிட்டு அத்தானின் தோளைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். இராசலிங்கம் "அக்கா" என்று கூப்பிட வாயைத் திறந்தார். அதற்குள் எசன்காரர் ஒருவர் அவரின் கையைப் பிடித்துக் குலுக்கத் தொடங்கிவிட்டார்.